மாரிக்குப்பத்தில் ஒரு ராத்திரி

(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கூட்டம் நடத்துகிற தோழர்கள் கூப்பிட்டபோது, "தங்கவயலைப் பத்தி எழுதினீங்களே, அந்தக் கவிதைய வாசிச்சிட்டு அப்புறம் கொஞ்சம் பேசுங்க" என்றார்கள். பேசுகிறேன். கவிதையை வாசிக்க மாட்டேன். ஏன் வாசிக்க மாட்டேன் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

அந்தக் கவிதையை 2013-ல் எழுதினேன். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. கோலார் தங்கவயலுக்கு நான் போனதே கிடையாது. ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படங்கள் வந்திருந்தன. துருப்பிடித்த ஷாஃப்ட் சக்கரம், கூரை போன பங்களா, வெள்ளை வெளேரென்று மண்மேடு, ஒரு மனுசன் இல்லை. தலைப்பில் 'கோஸ்ட் டவுன்' என்று போட்டிருந்தார்கள். நான் அதைத் தமிழாக்கி 'பேய்நகரம்' என்று எழுதினேன். நாற்பது வரி. நம்ம பத்திரிகைதான் போட்டது. எதிர்க்கதையாடல், அது இதுவென்று நாலு கடிதம் வந்தது. தோழர்கள் மேடைக்கு மேடை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கைத்தட்டு வாங்கினேன்.

எங்க அப்பா மட்டும் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்துவைத்தார். "நீ அங்க போயிருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேற ஒண்ணும் கேட்கவில்லை.

அப்பா பிறந்தது சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில். தாத்தாவுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு சேரி. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் வழியாகப் போய், பதினெட்டு வயதில் குழிக்குள் இறங்கியவர். வடஆற்காடு, தென்னாற்காடு, சேலம், சித்தூர் என்று நம்ம ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போன காலம். ஊரில் ஆண்டைக்கு முன்னால் மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கணும். அங்கே ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் சாகலாம், ஆனால் சனிக்கிழமை கூலி கையில் வரும், துண்டு தோளில் கிடக்கும். இரண்டில் எது மேல் என்று தாத்தாவைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பார். ஆனால் பிள்ளையை இறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அப்பாவை மெட்ராஸுக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாத்தா இருமி இருமி ஐம்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். அப்பா துறைமுகத்தில் வேலைக்குப் போனார். நான் டிகிரி முடித்து பேங்க் கிளார்க். மூன்று தலைமுறையில் குழியிலிருந்து கவுன்டருக்கு வந்தாச்சு.

கவுன்டரில் நான் பார்க்கிற வேலை என்ன? நகைக்கடன். இங்கே உட்கார்ந்திருக்கிற சில அக்காமாரை எனக்கு அங்கேதான் பழக்கம். கடல் கொந்தளித்துப் படகு இறங்காத ஐப்பசி கார்த்திகையில் தாலியில் கோத்த குண்டுமணி வரைக்கும் கழற்றி வைப்பீர்கள். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். நான் எடையைச் சீட்டில் எழுதுவேன். தாத்தா தோண்டியதைப் பேரன் எடை போடுகிறான் என்று அதையும் ஒருநாள் கவிதையாக்கப் பார்த்தேன். நல்லவேளை, அது வரவில்லை.

அப்பா 2024 சித்திரையில் இறந்தார். பதினாறாம் நாளுக்குத் தங்கவயலிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அப்பாவுக்குச் சித்தப்பா பிள்ளை, எழுபதைத் தொட்ட வயசு. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "உன் கவிதை ஒண்ணு என்கிட்ட கீது, நைனா. பென்சில்ல ரெண்டு மூணு எடத்துல எழுதிவச்சிக்கீறேன். ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ."

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பதினோரு வருஷமாகக் கைத்தட்டு வாங்கிய கவிதையை ஒருத்தர் திருத்தி வைத்திருக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன்.

வழி சொல்கிறேன், யாராவது போவதாக இருந்தால் உதவும். சென்ட்ரலில் பெங்களூர் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டிப் பங்காருப்பேட்டையில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். கடைசி ஸ்டேஷனுக்குப் பேர் மாரிக்குப்பம். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. பெட்டி முழுக்கத் தமிழ். கர்நாடகத்தில் இருக்கிறோம் என்பதை ஸ்டேஷன் போர்டு மட்டும்தான் சொல்கிறது.

இந்த மாரிக்குப்பத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். தங்கவயலைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரன் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். 1802-ல் வாரன் என்ற பட்டாளத்து அதிகாரி எல்லை அளக்க வந்தபோது இங்கே தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தான். அவன் என்ன பார்த்தான்? மாரிக்குப்பத்தில் பறையர்கள் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள், பெண்கள் அதை இடித்து மண்ணை அரித்துத் தங்கம் எடுக்கிறார்கள். இதை அவனே எழுதிவைத்தான். அவன் எழுதியதைப் படித்துவிட்டு, எழுபது வருஷம் கழித்து லாவெல் என்ற இன்னொரு பட்டாளத்துக்காரன் வந்து மைசூர் அரசிடம் லைசென்ஸ் வாங்கினான். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அப்புறம் அது அவர்களுடைய தங்கம். முதலில் தோண்டியவன் அதே குழியில் கூலி. வேலை முடிந்து மேலே வந்தால் துணியை அவிழ்த்துச் சோதனை போட்டார்கள். 1930-ல் எல்லாத் தொழிலாளியும் கைரேகை வைக்கணும் என்று உத்தரவு போட்டார்கள். "நாங்க என்ன கேடிகளா?" என்று ஆயிரக்கணக்கான பேர் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். மூன்று வாரம் சுரங்கம் நின்றது. அந்த நாளில் சங்கம் என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் ஒன்றும் பெரிதாக இல்லை. 1946 நவம்பரில் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். இந்தியத் தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்கள் பம்பாய் மில்லுக்கும் கல்கத்தா சணல் ஆலைக்கும் கொடுக்கிற பக்கத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால், நான் படத்தைப் பார்த்துக் கவிதை எழுதியிருக்க மாட்டேன். சரி, அது என் சோம்பலுக்கு நான் தேடுகிற சாக்கு.

சாயந்திரம் சித்தப்பா என்னைச் சுற்றிக் காட்டினார். மேட்டில் ஆபீஸர் பங்களாக்கள், ஓட்டுக்கூரை, தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். 'சின்ன இங்கிலாந்து' என்று அவர்கள் கொண்டாடியது அதைத்தான். கீழே நம்ம லைன்கள். ஆரம்பத்தில் மூங்கில் தட்டி அடித்த குடிசைகள், பிறகு வரிசை வீடுகள். இரண்டுக்கும் நடுவில் சைனைடு மேடு. கல்லை மாவாக அரைத்து, சைனைடு தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருஷத்துக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி மலையாக்கியிருக்கிறார்கள். அப்படிப் பதின்மூன்று மேடு, ஆயிரம் ஏக்கர், மூன்று கோடியே முப்பது லட்சம் டன். மழைத்தண்ணீர் ஓடிய தடம் மேடு முழுக்கக் கிழவியின் முகச்சுருக்கம் மாதிரி இருக்கிறது. ஆடிக்காற்றில் அந்த மண் பறந்து வந்து துணியில், சோற்றில், குழந்தை கண்ணில் விழுகிறது. சினிமாக்காரர்களுக்கு அந்த மேடு ரொம்பப் பிடிக்கும். 'கே.ஜி.எஃப்' படத்தில் இந்தியா முழுக்க அந்தப் புழுதியைப் பார்த்தது. அதற்குக் கீழே இருக்கிற தெருவை யாரும் பார்க்கவில்லை. நான் போயிருந்த சமயம் 'தங்கலான்' வரப்போகிறது என்ற பேச்சு. "அதுலயாவது நம்ம மூஞ்சி வருதா பாப்போம்" என்றார் சித்தப்பா.

போன வேகத்திலேயே இன்னொரு சேதியும் கேட்டேன். அந்த மேட்டு மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்கிற மத்திய அரசுத் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்துவிட்டது. புழுதிக்கு விலை வந்துவிட்டது. சித்தப்பா குடியிருக்கிற வீட்டுக்குத்தான் இன்னும் பத்திரம் வரவில்லை.

ராத்திரி சோறு சாப்பிட்டோம். சித்தி களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாங்க. சுவரில் பாபாசாகேப் படம், பக்கத்தில் புத்தர், அதற்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. மாதா சித்தியோடது. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது வருஷமாக அந்த விஷயத்தில் சமாதான உடன்படிக்கை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு சித்தப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார்.

தோழர்களே, எத்தனையோ விமர்சனக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி உட்கார்ந்ததில்லை.

முதல் பென்சில் கோடு, நான் 'சில்லிட்ட இருட்டு' என்று எழுதிய இடத்தில். அவர் அதை அடித்து மேலே எழுதியிருந்தார்: 'வேவும்.' அவ்வளவுதான். அப்புறம் சொன்னார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஒரே கூண்டில் இறங்க முடியாது. ஒரு கூண்டில் இறங்கி, உள்ளே நடந்து, இன்னொரு கூண்டில் இறங்கணும். அடியில் பாறையின் சூடு அறுபத்தைந்து டிகிரிக்கு மேல். கையை வைத்தால் எடுக்க வேண்டியதுதான். மேலே இருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினால்தான் மனுசன் நிற்க முடியும். "அடுப்புக்குள்ள நொழஞ்சிட்டு அடுப்ப தூக்கி நிறுத்தற வேல எனக்கு" என்றார். மேல்பாறை சரியாமல் கட்டையை முட்டுக்கொடுக்கிற வேலை. 1976-ல் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் அதுதான் செய்தார். "சில்லுனு இருந்துச்சுன்னு எழுதிக்கீறியே, உங்க தாத்தன் கேட்டா சிரிச்சிருப்பான்."

இரண்டாவது கோடு, 'தங்கத்தைத் தொட்ட விரல்கள்' என்ற வரியில். தங்கத்தை அடித்துவிட்டு 'கல்' என்று எழுதியிருந்தார். "யார்ரா தொட்டது? ஆரம்பத்துல ஒரு டன் கல்லுக்கு நாப்பது கிராமுக்கு மேல வந்துதாம். எங்க காலத்துல மூணு கிராம், நாலு கிராம். வெள்ளக்கல்லு வரும், வாருவோம், மேல போவும். அத்தோட சரி. தங்கத்த நான் கிட்டத்துல பாத்தது பொண்ணு கல்யாணத்துக்கு நகைக் கடையில." நூற்று இருபது வருஷத்தில் எண்ணூறு டன் தங்கம் எடுத்த ஊர், தோழர்களே. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அவர்கள் கைக்கு வந்தது கல். நெஞ்சுக்குள்ளே போனதும் கல்தான். கல்தூள் நுரையீரலில் படிந்து ஆளைக் கொல்கிற அந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பேர். 1940-லிருந்து 1946 வரை 7,653 பேரைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கு மேல் இருந்தது. இந்த எண்ணிக்கை டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். எங்க தாத்தா அப்போது உள்ளே இருந்தார். அந்த நாற்பத்து மூன்றில் ஒருத்தரா, மிச்சத்தில் ஒருத்தரா, எனக்குத் தெரியாது. அவருடைய இருமல் மட்டும் எங்க வீட்டுக் கதைகளில் இருக்கிறது.

மூன்றாவது கோட்டுக்கு வருவதற்கு முன்னால் சித்தப்பா எங்கெங்கேயோ போய்விட்டார். நானும் போகிறேன், கொஞ்சம் பொறுங்க. 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடிப்பது. உள்ளே வெடித்தால் மேலே லைன் வீட்டில் பாத்திரமெல்லாம் உருண்டு விழும். விழுந்ததும் பொம்பளைகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். உள்ளே போகிறவன் டோக்கன் எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்தால் ஆணியில் மாட்டுவான். ஓடி வந்தவர்கள் மனுசன் முகத்தைத் தேட மாட்டார்களாம், பலகையில் நம்பரைத் தேடுவார்களாம். சித்தி அதுவரைக்கும் பேசவே இல்லை. அப்போது மட்டும் சமையல்கட்டிலிருந்து சித்தப்பாவின் டோக்கன் நம்பரைச் சொன்னாங்க. இருபத்து மூன்று வருஷம் ஆச்சு குழியை மூடி. ஒரு எண் பிசகவில்லை.

இன்னொன்றும் சொன்னார். விஞ்ஞானிகள் வந்த கதை. ஆகாயத்திலிருந்து வருகிற நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்க, மற்ற கதிரெல்லாம் வடிகட்டப்படுகிற ஆழம் வேண்டும். அதற்கு டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் தங்கவயலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து 1965-ல் அங்கேதான் அந்தத் துகளை முதன்முதலில் பதிவு செய்தார்கள். உலக விஞ்ஞான வரலாற்றில் இடம்பிடித்த குழி அது. சித்தப்பாவின் அப்பா அவர்களுடைய கருவிகளைக் கூண்டில் இறக்கிய கும்பலில் ஒருத்தர். "கண்ணுக்குத் தெரியாததக் கூட இங்க புட்சாங்க. கண்ணெதிர்ல நிக்கற நம்மளத்தான் ஒரு பய பாக்கல" என்றார். இதை நான் கவிதையில் எழுதியிருந்தால் மிகை என்பார்கள். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார்.

கரண்டும் அப்படித்தான். காவிரியில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-ல் தங்கவயலுக்குக் கரண்ட் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே பிறகுதான் கிடைத்தது. வந்த கரண்ட் முதலில் மெஷினுக்கு.

மூன்றாவது கோடு. 'வெறிச்சோடிய வீடுகளில் பல்லிகள்' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் பென்சிலில் வீட்டு நம்பர் போட்டு, 'நான் இருக்கேன்' என்று எழுதியிருந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. "தலைப்பு இன்னா வச்சிக்கீற? பேய்நகரம். பேய் எங்கடா கீது இங்க? இருந்தா அதுக்கும் பொழப்பு ஓணுமில்ல? காலைல அதுவும் பெங்களூரு ரயில்தான் ஏறணும்."

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு 1956-ல் மைசூர் அரசு எடுத்து, அப்புறம் மத்திய அரசுக்குப் போய், பாரத் கோல்டு மைன்ஸ் என்று பேர் மாறிய கம்பெனி. தோண்டுகிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது என்றார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும், நான் பேங்க்காரன், கணக்கோடு சண்டை போட மாட்டேன். லாபம் வந்த நூறு வருஷக் கணக்கு எந்த லெட்ஜரில் இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். பம்பை நிறுத்தியதும் குழிகளில் தண்ணீர் ஏறியது. ஜனங்கள் எங்கேயும் போகவில்லை. 2011 கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள். ஒன்றரை லட்சம் பேர் இருக்கிற ஊரைப் பேய்நகரம் என்று எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். இங்கிலீஷ் பத்திரிகைக்கு அது இருந்தது. எனக்கும் இருந்தது. பங்களா காலியானால் ஊரே காலி என்று நினைக்கிற கண் அது. அந்தக் கண் சாதி இந்துவுக்கு மட்டும்தான் இருக்கும் என்று நானும் எவ்வளவோ பேசியிருக்கிறேன்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே காற்று. ஓட்டின் மேல் மண் விழுகிற சத்தம். சித்தப்பா தூக்கத்தில் இருமினார். தாத்தாவின் இருமலை நான் கேட்டதில்லை, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அதைக் கேட்டது போலவே இருந்தது.

நாலு மணிக்கு முன்னால் தெருவில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. அப்புறம் அடுத்த வீடு. தண்ணீர் ஊற்றும் சத்தம், ஸ்டவ், பிள்ளையை அதட்டுகிற குரல். தங்கச்சி, சித்தப்பா பொண்ணு, டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியது. "அண்ணே, நீங்க தூங்குங்க, நான் வர்றதுக்கு ராத்திரி ஒம்போது ஆவும்." பெங்களூரில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. சுரங்கக் கூலியின் மகள் ஏ.சி. கட்டடத்தில் கண்ணாடி துடைக்கிறது. கூடவே நானும் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். இருட்டில் ஒவ்வொரு சந்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தபடி இருந்தார்கள். செக்யூரிட்டி யூனிஃபாரம் போட்ட பெரியவர்கள், தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள், காலேஜ் பையன்கள், மெக்கானிக்குகள். மாரிக்குப்பம் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. ரயிலில் அவரவருக்கு இடம் இருக்கிறது. யாரும் எழுதிக்கொடுத்த இடம் இல்லை. இந்த ஜன்னல் இந்தக் கும்பலுக்கு, இந்த மூலை சீட்டாடுகிறவர்களுக்கு, இந்தப் பெட்டி பஜனை பாடுகிறவர்களுக்கு. ரயில் கிளம்பிப் போனதும் பிளாட்பாரம் திடீரென்று வெறுமையாகிவிட்டது. பத்திரிகைக்காரன் படம் எடுத்தது பகல் பத்து மணிக்கு மேல் என்று அப்போதுதான் புரிந்தது.

விடிந்ததும் சித்தப்பா என்னைச் சாம்பியன் ரீஃப் புத்த விகாரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நின்றபோதுதான் இந்தக் குப்பத்தின் ஞாபகம் வந்தது. ஒல்காட் என்பது யார் என்று இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. கர்னல் ஒல்காட், அமெரிக்கப் பட்டாளத்துக்காரர். இந்தப் பக்கத்தில் அடையாறு தோட்டத்தில் பிரம்மஞான சபையை வைத்திருந்தவர். 1894-ல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஆரம்பித்தார். நம்ம பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் அவரைப் பார்த்து, "நாங்கள் பூர்வ பௌத்தர்கள்" என்று வழக்கு வைத்தார். ஒல்காட்டோடு இலங்கை போய் பௌத்தம் தழுவினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகை, முதலில் 'ஒரு பைசாத் தமிழன்', அப்புறம் 'தமிழன்'. அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் யார்? மாரிக்குப்பத்துக் கூலிகள். ஷிஃப்ட் முடிந்து வந்து, எழுதப்படிக்கத் தெரிந்த ஒருத்தர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே சங்கத்துக்குக் கிளை வைத்தார்கள். 1914-ல் பண்டிதர் இறந்த பிறகு, 1926-லிருந்து 1934 வரை 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வந்தது. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்த புத்தகசாலை என்று அங்கேயே பதிப்பகம் வைத்துப் பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகமாக்கினார்கள். ராயப்பேட்டையில் பேசியதை மெட்ராஸ் மறந்தது, குழிக்குள் இருந்தவர்கள் காப்பாற்றினார்கள். தொண்ணூறுகளில் நாம் அயோத்திதாசரைக் 'கண்டெடுத்தோம்' என்று பேசிக்கொள்கிறோமே, அவரை யாரும் தொலைக்காத ஊர் ஒன்று இருந்தது.

ஒல்காட் குப்பத்துக்கும் மாரிக்குப்பத்துக்கும் இப்படி ஒரு நூல் ஓடுகிறது. அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட மாட்டேன். கடற்கரைச் சமூகம் வேறு, சேரி வேறு. நடுவில் இருக்கிற சங்கடங்களை இந்த மேடையில் மழுப்பினால், நாளைக்கு நீங்களே என்னைக் கவுன்டரில் நம்ப மாட்டீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடலோரமாகச் சாலை போடுகிற திட்டம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், பெசன்ட் நகரிலிருந்து இந்தப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு முதலில் என்ன தெரிகிறது? கடல் தெரிகிறது, உடைந்த பாலம் தெரிகிறது, படம் எடுக்கிறார்கள். நடுவில் வலை காயப்போட்டிருக்கிற உங்கள் மணல் காலியிடமாகத் தெரிகிறது.

கிளம்பும்போது சித்தப்பாவிடம் அந்தப் பத்திரிகையைக் கேட்டேன். பென்சில் கோடுகளோடு எனக்கு வேண்டும் என்றேன். கொடுக்கவில்லை. "இது என்கிட்டயே இருக்கட்டும். நீ புச்சா எழுது. எழுதி அனுப்பு, பாத்துட்டு சொல்றேன்" என்றார். பங்காருப்பேட்டை வரைக்கும் கூடவே வந்து, ரயில் பெட்டியில் ஏறி எனக்கு இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு இறங்கினார்.

புதிதாக இன்னும் எழுதவில்லை. ஆறு வரி இருக்கிறது. 'வேவும் இருட்டு' என்பது அதில் முதல் வரி, அதுவும் அவருடையது. அனுப்பவில்லை. பழைய கவிதையின் என் பிரதியை எடுத்துவராததற்குக் காரணம் இதுதான். தோழர்கள் மன்னிக்கணும்.